ஆற்றுமுகத்திலிருந்து ஒரு வரலாறு: பரங்கிப்பேட்டை பற்றிய எழுத்துகள் குறித்துச் சில சிந்தனைகள்

சோழமண்டலக் கரையில் முஸ்லிம் வணிகர் தழைத்திருந்த துறைமுகங்களுள் பரங்கிப்பேட்டையும் ஒன்று. கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், சிதம்பரத்திற்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் அது அமைந்துள்ளது. இவ்வூரைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை ஒருசேர வைத்துப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. ஆங்கிலேய அதிகாரி எழுதினாலும் சரி, ஊரின் மேல் பற்றுக்கொண்ட நம்மவர் எழுதினாலும் சரி, எல்லாரும் கடலைப் பார்த்து நின்றே எழுதியிருக்கின்றனர். கப்பலில் வந்தவர் யார், எந்த நாட்டினர், எந்த ஆண்டில் வந்தனர் என்பனவே அவர்தம் வினாக்கள். ஊரின் முதுகுப் புறத்தே ஓடிவரும் ஆற்றை எவரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இக்குறை வெறும் விவரக் குறையன்று. தமிழ் முஸ்லிம்கள் இம்மண்ணில் யார் என்னும் வினாவிற்கு நாம் தரும் விடையையே அது கோணச் செய்துவிடுகிறது என்பது நம் கருத்து.

பெயர்கள் மூன்று

ஊருக்கு மூன்று பெயர்கள் வழங்கின. ஐரோப்பியர் ஏடுகளில் ‘போர்ட்டோ நோவோ’; போர்த்துக்கீசிய மொழியில் ‘புதிய துறைமுகம்’ என்பது அதன் பொருள். பாரசீக மொழி வழங்கிய அரசு அலுவலகங்களிலும் முஸ்லிம்களிடையேயும் ‘மஹ்மூது பந்தர்’. தமிழர் நாவில் ‘பரங்கிப்பேட்டை’, அதாவது பரங்கியர் தங்கிய பேட்டை. முத்துக்கிருஷ்ணபுரி என்ற பெயரும் இருந்ததாகக் கூறுவர்.

இவற்றுள் எது ‘உண்மையான’ பெயர் என்று வாதிடுவோர் உளர். மஹ்மூது பந்தர் என்பதே நமக்குரிய பெயர், பரங்கிப்பேட்டை என்பது அந்நியன் இட்ட பெயர் என்று அவர் கூறுவர். சற்று ஆய்ந்தால் இவ்வாதம் நிலைபெறாது. போர்த்துக்கீசியர் தம்மைத் தாமே ‘பரங்கி’ என்று அழைத்துக்கொண்டதில்லை. அரபு, பாரசீக வழியாக வந்த சொல்லைத் தமிழ்ப்படுத்தி, அதனொடு ‘பேட்டை’ என்னும் சந்தைச் சொல்லைச் சேர்த்து ஊருக்கு இட்டவர் இங்கிருந்த மக்களே. ஆகவே மூன்று பெயர்களும் மூன்று வகை மக்கள் ஒரே துறையில் கொண்டிருந்த கணக்குப் புத்தகங்களின் தலைப்புகள் எனக் கொள்வதே பொருந்தும். ஒன்றை வைத்து மற்றவற்றை அழிப்பது அந்த வாணிகத்தின் இயல்பையே அழிப்பதாகும்.

கெசட்டியரின் பார்வை

1906ஆம் ஆண்டு டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர், இவ்வூரைப் பற்றி எழுத முனைவோர் அனைவரும் முதலில் புரட்டும் நூல். அதன் உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அந்நூலிலும் அதனை அடியொற்றிய பிற நூல்களிலும் ஊரின் வரலாறு குறிப்பிட்ட சில படிகளாக மட்டுமே நகர்கிறது. போர்த்துக்கீசியர் வருகை, டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் ஆகியோர் பண்டகசாலைகள், 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியுடன் சர் அயர் கூட் நடத்திய போர், 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கிய இரும்பாலை என்பனவே அப்படிகள்.

இவ்வரிசையில் ஓர் எழுவாய் மாறாமல் நிற்பதைக் காணலாம். செய்தவர் எல்லாரும் ஐரோப்பியர்; ஊரார் செய்யப்பட்டவற்றை ஏற்றவர். போரைப் பற்றிய பகுதியையே எடுத்துக்கொள்வோம். 1781 ஜூன் மாதத்தில் கூட் சிதம்பரம் கோயிலின் மதிலுக்குள் இருந்த மைசூர்ப் படையைத் தாக்கித் தோல்வியுற்றுப் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பினார். கடல்வழி உணவு வந்தாலன்றி அவர் படை உள்நாட்டில் நிற்க இயலாத நிலை. ஆகவே கடற்கரையை விடாமல் நின்று போரிட நேர்ந்தது. இச்செய்தி படைவரலாறாகவே எழுதப்படுகிறது. அதே செய்தி நமக்கு வேறொன்றையும் சொல்கிறது. நெல்லும் துணியும் தரும் உள்நாடு ஒருவர் கையிலும், துறை இன்னொருவர் கையிலும் பிரிந்துவிட்ட அந்த ஆண்டுகளில், இரண்டையும் இணைத்து வாழ்ந்த வணிகன் எவ்வாறு பிழைத்தான்? கெசட்டியர் இவ்வினாவைக் கேட்கவில்லை.

நம்மவர் பார்வை

கெசட்டியருக்கு விடை கூறப் புறப்பட்ட நம் எழுத்தாளர்கள் ஐரோப்பியருக்கு முன்னரே அரபியர் வந்தனர் என்று நிறுவுவதில் பெரிதும் முனைந்தனர். அரபியர் வருகை உண்மை. கடற்கரை முழுவதும் அதன் சுவடுகள் உள. ஆனால் அம்முனைப்பு ஓர் எல்லையைக் கடந்ததும் தன் நோக்கத்திற்கே பகையாகிவிடுகிறது.

ஆங்கில இனவரைவாளர் லெப்பைகளையும் மரைக்காயர்களையும் அரபியருக்கும் உள்ளூர்ப் பெண்டிருக்கும் பிறந்த வழியினர் என எழுதினர். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இக்கருத்தைக் காணலாம். நம்மவர் பலர் அதே கூற்றைப் பெருமையாக ஏற்றுக்கொண்டனர். ஒருவர் ‘நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்’ என்கிறார். மற்றவர் ‘ஆம், சிறந்த இடத்திலிருந்து வந்தோம்’ என்கிறார். வாதம் எங்கே இருக்கிறது? ‘மரைக்காயர்’ என்னும் சொல்லுக்குக் கூறப்படும் மூலங்களையும் காண்க. அரபியில் கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்பதிலிருந்து வந்தது என்பர் சிலர். தமிழ் ‘மரக்கலம்’ என்பதிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். சண்டை மூலத்தைப் பற்றியது. எவ்வழியிற் கொண்டாலும் சொல் ஒரு தொழிலையே, கலம் செலுத்தும் தொழிலையே, சுட்டுகிறது என்பதை இரு சாராரும் கவனிப்பதில்லை.

இங்கு மற்றொன்றையும் அதபோடு கூற வேண்டியுள்ளது. ஸஹாபியான உக்காஷா (ரலி) அவர்களின் அடக்கத்தலம் மஹ்மூது பந்தரில் உள்ளது என்பது ஊரின் நெடுங்கால நம்பிக்கை. அரபு வரலாற்றாசிரியர்களோ உக்காஷா இப்னு மிஹ்ஸன் (ரலி) அவர்கள், அபூபக்ர் (ரலி) ஆட்சிக் காலத்தில் நடந்த ரித்தத் போர்களில் ஷஹீதானதாக எழுதுகின்றனர். மக்கள் பக்தியை இழிவுபடுத்துவது நம் வேலையன்று. அவ்வடக்கத்தலத்தைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகத் திரண்ட மக்களின் வாழ்வு தனியே ஆராயத்தக்கது. ஆனால் அந்நம்பிக்கையை ஆண்டுக் கணக்கிற்குச் சான்றாக்கி, ஊரின் முஸ்லிம் வரலாறு ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று என்று எழுதுவது ஆய்வாகாது. மறுப்பவன் ஒரே ஒரு அரபு நூலைக் காட்டி முழுக் கட்டடத்தையும் சாய்த்துவிட முடியும். உறுதியான சான்றுள்ள வரலாறும் அதனொடு சேர்ந்து சாய்ந்துவிடும் என்பதே நம் அச்சம்.

ஆறும் எல்லையும்

இனி ஆற்றிற்கு வருவோம். சேலம் பகுதி மலைகளிலிருந்து வரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறு ஆகின்றன. விருத்தாசலத்தைத் தொட்டு வரும் மணிமுத்தாறு அதனொடு சேர்கிறது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டையும் புவனகிரியையும் கடந்து அது பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. தெற்கே கிள்ளை, பிச்சாவரம் வழியாகக் கொள்ளிடத்தின் முகத்துவாரம் வரை உப்பங்கழிகளும் அலையாத்திக் காடுகளும் பரந்துள்ளன.

இந்த ஆறு எல்லை ஆறும் ஆகும். சோழநாட்டின் நான்கெல்லை கூறும் பழைய தனிப்பாடல் வட எல்லையாக ஏணாட்டு வெள்ளாற்றைக் குறிக்கிறது. அக்கணக்கின்படி தென்கரையில் தில்லை சோழநாட்டில் உள்ளது. வடகரையில் பரங்கிப்பேட்டை நடுநாட்டின் விளிம்பில் உள்ளது. நாயக்கர் காலத்தில் செஞ்சி அரசிற்கும் தஞ்சை அரசிற்கும் இடையே கொள்ளிடம் எல்லையாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியிலும் தென்னார்க்காடு, தஞ்சாவூர் மாவட்டங்களுக்கு அதுவே எல்லையாக நீடித்தது. ஆக, இவ்வூர் எக்காலத்தும் ஏதேனும் ஓர் அரசின் கடைக்கோடியில் இருந்தது. தலைநகரின் கண் நேராகப் படாத இடம்.

ஆண்டோர் பட்டியலை நோக்குக. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சி நாயக்கர். 1597இல் சிதம்பரம் வழியாகச் செஞ்சிக்குச் சென்ற ஜேசு சபைப் பாதிரியார் பிமென்டாவின் மடல்கள் அக்காலத்துக் கிருஷ்ணப்ப நாயக்கரைப் பற்றிப் பேசுகின்றன. 1649இல் செஞ்சி பிஜாப்பூர் வசமாயிற்று; வாலிகண்டபுரத்திலிருந்து ஷேர்கான் லோடி இப்பகுதியை ஆண்டார். 1677இல் சிவாஜியின் மராட்டியர். 1698இல் முகலாயர். பின்னர் ஆர்க்காட்டு நவாபுகள். 1801இல் கம்பெனி. ஒன்றரை நூற்றாண்டுக்குள் இத்தனை கொடிகள் மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் சுங்கம் வாங்குவோர் மாறினர்; துணி கொண்டுவருவோரும் கப்பல் விடுவோரும் மாறவில்லை.

அண்டை ஊராகிய கடலூருடன் ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். கடலூரும் ஆறுகள் கூடும் இடமே. ஆனால் 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலமும் அதனொடு சேர்ந்தது. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் அதனால் வந்தது. புனித தாவீது கோட்டை எழுந்தது. 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாகவும் அது இருந்தது. அங்கே வாணிகம் கோட்டையின் நிழலில் நடந்தது. பரங்கிப்பேட்டையிலோ போர்த்துக்கீசியர் கோவாவின் நேரடி ஆணைக்கு உட்படாத குடியேறிகளாகவே வாழ்ந்தனர். டச்சுக்காரருக்கும் பிறருக்கும் பண்டகசாலைகள் இருந்தன. எவருக்கும் தனியுரிமை கிட்டவில்லை. ஒருவன் விலை குறைத்துக் கேட்டால் மற்றொருவனிடம் போகலாம். நம் வணிகர் தம் சொந்தக் கப்பல்களை இங்கிருந்து நெடுங்காலம் செலுத்த முடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அக்கப்பல்களில் ஏறியவை என்ன? ஆற்றுப்புறத்து ஊர்களில் நெய்து சாயமிட்ட துணிகளே தலையாய சரக்கு. நீலத் துணி, கட்டமிட்ட கைலி, நீண்ட வெள்ளைத் துணி ஆகியன அச்சே, கெடா, மலாக்கா எனப் பரவிச் சென்றன. திரும்பும் கலங்களில் ஈயம், பாக்கு, மிளகு, யானை ஆகியன வந்தன. வடகிழக்குப் பருவமழை கரையை மூடும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திறந்த கடலில் நங்கூரமிடல் அரிது. சிறு கலங்கள் முகத்துவாரத்துள் ஒதுங்கவும் பழுது பார்க்கவும் ஆறு இடந்தந்தது. இவ்வூர்ப் பெயராலேயே ஒரு வராகன் நாணயம் வழங்கிற்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

1669 முதல் 1679 வரை வங்கக் கடலைச் சுற்றி வாணிகம் செய்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கிலேயர், ‘சூலியா’ எனப்பட்ட நம் வணிகரைக் கடுஞ்சொற்களால் ஏசுகிறார். அவர்தம் ஊர்களுள் போர்ட்டோ நோவோவையும் ஒன்றாகக் குறிக்கிறார். ஏச்சினூடே அவர் ஒப்புக்கொள்வது ஒன்றுண்டு: சூலியாக்கள் சென்ற நாட்டு மொழிகளைக் கற்று எழுதவும் பேசவும் வல்லவர். போட்டியாளனின் வசை சில வேளை நண்பனின் புகழைவிட நம்பத்தக்க சான்றாகும். ‘சூலியா’ என்பது ‘சோழிய’ என்பதன் திரிபு என அறிஞர் பலர் கருதுவர். அக்கருத்து சரியெனின், கடல் கடந்த நாடுகளில் இம்முஸ்லிம்கள் பெற்ற பெயர் அரேபியாவிலிருந்து வந்ததன்று. இவ்வாற்றங்கரை நாட்டிலிருந்தே வந்தது. நம் வம்சாவளி எழுத்தாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் நிறுவினார். சோழமண்டலக் கலங்கள் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை அங்குக் கொணர்ந்ததாக 1794இல் அவர் எழுதினார். அங்கே 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலோடு பெயர் இணைந்த காதர் முஹைதீன், பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர் என்று பினாங்கின் வரலாறு எழுதுவோர் குறிப்பர்.

சீறாவும் செல்வமும்

ஊரின் வரலாற்றிலிருந்து நம் இலக்கிய விமரிசனம் பிரிந்து நிற்பதற்குச் சீறாப்புராணமே தக்க எடுத்துக்காட்டு. உமறுப்புலவரை முதலில் ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் மறைந்த பின் காப்பியம் தொடர்ந்து உருவாகத் துணைநின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் என்பது இலக்கிய வரலாறுகள் கூறும் செய்தி. கம்பர் சடையப்பரை நினைவுகூர்ந்தது போல, உமறு தம் காப்பியத்தின் பல இடங்களில் அபுல் காசிமைப் போற்றுகிறார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட இப்பெருநூலின் பின்னணியில் ஒரு துறைமுகத்தின் செல்வம் இருக்கிறது.

நம் விமரிசகர் அபுல் காசிமை ‘கொடைவள்ளல்’ என்னும் ஒரு சொல்லால் கடந்துவிடுகின்றனர். வள்ளல் எவ்வாறு வள்ளலானார், அவர் காலத்து மரைக்காயர் எந்தச் சரக்கை எங்கே விற்றனர், ஒரு காப்பியத்தைக் கேட்டு மகிழும் அவை ஒரு கடற்கரை ஊரில் எவ்வாறு கூடிற்று என்று கேட்பதில்லை. வாணிக வரலாறு எழுதும் பேராசிரியர்களோ காப்பியத்தின் பக்கம் வருவதில்லை. சின்னப்பா அரசரத்தினம் போன்றோர் டச்சு, ஆங்கிலக் கம்பெனி ஆவணங்களைக் கொண்டு சூலியா வணிகரின் ஆற்றலை நிலைநாட்டினர், அது பேருதவி. ஜெ. ராஜா முகமது 2004இல் வெளியிட்ட சோழமண்டல முஸ்லிம்களின் கடல்சார் வரலாறும் அவ்வழியில் குறிக்கத்தக்கது. ஆயினும் கம்பெனி எழுத்தனின் பேரேட்டில் அகப்படும் மரைக்காயர் சரக்கு அனுப்பியவர் மட்டுமே. அவர் நபிபெருமானாரின் (ஸல்) வரலாற்றைச் செந்தமிழில் கேட்க விரும்பியவர் என்பதை அறியச் சீறாவைத்தான் திறக்க வேண்டும்.

அரபு நாட்டை மலையும் மழையும் ஆறும் வயலும் உடையதாக உமறு வருணித்ததைக் காப்பிய மரபு என்பர் சிலர். நாடறியாமை என்று குறை கூறினாரும் உளர். மரபு என்பதே சரி. கம்பரின் கோசலமும் காவிரி நாடுதான். ஆனால் மரபு என்று சொல்லி நிறுத்திவிடலாகாது. மலையில் பிறந்து, வயல்களை ஊட்டி, கடலில் கலக்கும் ஆற்றின் பாட்டை எந்த அவை கேட்டது? நதி கடல் சேரும் இடத்தில் வாழ்ந்து, அந்நதியால் உண்டு, அக்கடலால் செல்வம் ஈட்டியோரும் அவ்வவையில் இருந்தனர். மரபு அவர்களுக்கு வெறும் ஏட்டு அணியாக ஒலித்திராது.

வீழ்ச்சியும் எஞ்சியதும்

ஊரின் தளர்ச்சிக்கும் ஐரோப்பியக் காரணங்களே கூறப்படுகின்றன. 1781இன் போர் ஒரு அடி. கம்பெனியின் ஆதிக்கம் மற்றொன்று. ஆனால் நெசவூர்களில் ஆங்கில ஆலைத்துணி புகுந்தமையும், நீராவிக் கப்பலுக்கு ஏற்ற ஆழம் முகத்துவாரத்தில் இல்லாமையும், 1870களில் இருப்புப்பாதை வந்து ஆற்றுவழிச் சரக்கைத் தன்பால் ஈர்த்தமையும் சேர்ந்தே துறையைத் தளர்த்தின. ஹீத்தின் இரும்பாலையும் உள்நாட்டுக் கனிமத்தையும் காட்டு மரக்கரியையும் நம்பி நின்றது. சில பத்தாண்டுகளில் அதுவும் அவிந்தது. ஆற்றின் மேற்புறத்தோடு கொண்ட உறவு அறுந்தபோது துறை வெறும் கரையாயிற்று. பின்னர் அங்கு நிலைகொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், வணிகர் விட்டுச்சென்ற முகத்துவாரத்தை அறிவியலுக்குரிய களமாக்கியது.

உறவு முற்றும் அறவில்லை என்பதற்கு 2004 டிசம்பர் 26 சான்று. அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையோர மீனவ ஊர்களைச் சிதைத்தபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் உடனே உலையேற்றி, பெரும்பாலும் இந்துக்களாகிய அம்மக்களுக்குப் பல நாள் உணவளித்தனர். இதனை மதநல்லிணக்கம் என்று பத்திரிகைகள் பாராட்டின. பாராட்டு தகும். நம் பார்வையில் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. கலம் கட்டியவரும் படகு வலித்தவரும் துணி நெய்தவரும் துணி விற்றவரும் பல தலைமுறையாக ஒரே முகத்துவாரத்தைப் பகிர்ந்த அயலார். அயலாரின் உரிமை பற்றி மார்க்கம் கற்பித்ததை அவ்வூரார் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

இனி எழுதப்பட வேண்டிய வரலாற்றிற்கான மூலங்கள் லிஸ்பனிலும் தி ஹேக்கிலும் மட்டும் இல்லை. பள்ளிவாசல்களின் வக்ஃபுக் கணக்குகள், மையவாடிகளின் மீஸான் கற்கள், பழைய வீடுகளின் கிரயப் பத்திரங்கள், பினாங்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் வந்த மடல்கள், அரபுத்தமிழ் ஏடுகள் ஆகியன ஊர்களிலேயே செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றோடு புவனகிரி நெசவாளரின் நினைவுகளும் கிள்ளைப் பகுதிப் படகோட்டிகளின் சொற்களும் திரட்டப்பட வேண்டும். ஜமாஅத்துகளும் கல்லூரிகளும் கைகோத்தால் இப்பணி சில ஆண்டுகளில் முடியக்கூடியதே. பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் எங்கிருந்து வந்தனர் என்ற வினாவை ஒதுக்கிவைத்து, அவர்கள் இங்கு யாரோடு சேர்ந்து என்ன செய்தனர் என்று கேட்கத் தொடங்குவோமாயின், அவ்வேடுகள் விடை தரும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.